20 டெராஃப்ளாப்ஸ் கார்டும் 13 டெராஃப்ளாப்ஸ் கார்டும் ஒரே வேகத்தில் ஓடுவது ஏன்?

கேள்வி இதுதான்: என்விடியாவின் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள், பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ ஒன்று, பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3070 ஒன்று, இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. ஸ்பெக்கை (தயாரிப்பாளர் தரும் எண் பட்டியலை) ஒப்பிட்டால், கணக்குப் போடும் வேகத்தில் முதலாவது 13.45 டெராஃப்ளாப்ஸ், இரண்டாவது 20.31. அப்படியானால் 3070 ஒன்றரை மடங்கு வேகமா? 1440பி-யில் கேம், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கொஞ்சம் ரெண்டரிங், வீட்டுக் கணினியிலேயே சாட்ஜிபிடி மாதிரியான மொழி மாடல்களை ஓட்டிப் பார்ப்பது ஆகிய மூன்றும்தான் தேவை.

கேமைப் பொறுத்தவரை, இல்லை. இரண்டும் ஒரே வேகம்தான், கேமுக்குக் கேம் சில சதவீதம் முன்னே பின்னே இருக்கும். மற்ற இரண்டு வேலைகளுக்கும் பதில் வேறு. ஒன்றில் 3070 ஜெயிக்கிறது, இன்னொன்றில் 2080 டிஐ. இந்த ஜோடியைப் பிரித்துப் பார்த்தாலே மற்ற எந்த இரண்டு கார்டையும் ஒப்பிடும் வழி பிடிபட்டுவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 20.31 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அது யாரும் கார்டை ஓட்டி அளந்த எண் அல்ல, வெறும் பெருக்கல். 3070-ல் 5888 ஷேடர் கோர்கள், அதாவது கணக்குப் போடும் சிறு அலகுகள், இருக்கின்றன. ஒவ்வொரு கோரும் ஒரு கிளாக் சுற்றில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்துச் செய்யும், அதனால் 2. பூஸ்ட் கிளாக், அதாவது வேலை வரும்போது சிப் எட்டும் வேகம், 1725 மெகாஹெர்ட்ஸ். 5888 × 2 × 1.725 போட்டால் 20,313 கிகாஃப்ளாப்ஸ், அதாவது 20.31 டெராஃப்ளாப்ஸ். ஒரு டெராஃப்ளாப்ஸ் என்பது நொடிக்கு ஒரு லட்சம் கோடி தசமக் கணக்கு. 2080 டிஐக்கு 4352 × 2 × 1.545, ஆக 13.45.

இந்தப் பெருக்கலுக்குள் இரண்டு அனுமானங்கள் இருக்கின்றன. எல்லா கோர்களும் எல்லா நேரமும் வேலையில் இருக்கும் என்பது ஒன்று. ஒவ்வொரு கணக்கும் பெருக்கலும் கூட்டலும் சேர்ந்த ஜோடியாகவே வரும் என்பது மற்றொன்று. உண்மையான கேம் எதிலும் இரண்டுமே நடப்பதில்லை. எனவே இது ஒரு உச்சவரம்பு. இதற்கு மேல் போக முடியாது என்று சொல்லுமே தவிர, இவ்வளவு வரும் என்று சொல்லாது.

கிளாக் விஷயத்திலும் ஒரு நெளிவு உண்டு. 2080 டிஐயின் அடிப்படை ஸ்பெக்கில் பூஸ்ட் 1545 மெகாஹெர்ட்ஸ். என்விடியாவே விற்ற ஃபவுண்டர்ஸ் எடிஷனில் 1635. அதே சிப், அதே கோர், ஆனால் இப்போது கணக்கு 14.23 டெராஃப்ளாப்ஸ். எந்தப் பட்டியல் எந்தக் கிளாக்கை எடுத்துக்கொண்டது என்பதைப் பொறுத்து ஒரே கார்டுக்கு இரண்டு எண்கள் உலவுகின்றன. வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுத்தால் கார்டுகள் எழுதிய பூஸ்டையும் தாண்டி ஓடும். ஆக, ஐந்து சதவீத வித்தியாசத்தையெல்லாம் தாளில் பார்த்துக் கவலைப்படத் தேவையில்லை.

சரி, ஒன்றரை மடங்கு எங்கே போனது?

2080 டிஐ டூரிங் தலைமுறை, 3070 ஆம்பியர். ஷேடர் கோர்களைத் தொகுதி தொகுதியாகத்தான் சிப்பில் வைக்கிறார்கள். டூரிங்கின் ஒரு தொகுதியில் தசமக் கணக்குக்கு 64 பாதைகள், முழு எண் கணக்குக்குத் தனியாக 64 பாதைகள் இருந்தன. ஸ்பெக்கில் கோர் என்று எண்ணியது தசமப் பாதைகளை மட்டும்தான். ஆம்பியரில் என்ன செய்தார்கள் என்றால், அந்த முழு எண் பாதைகளுக்குத் தசமக் கணக்கும் செய்யும் திறனைக் கொடுத்தார்கள். உடனே தொகுதிக்கு 128 கோர் என்று எண்ணிக்கை இரட்டிப்பானது. ஆனால் அந்தப் புதிய 64 பாதைகள் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றைத்தான் செய்யும். முழு எண் வேலை வந்தால் அந்த நேரத்துக்குத் தசமக் கணக்கு நிற்கும்.

கேமில் முழு எண் வேலை எவ்வளவு வரும்? டூரிங் வந்தபோது என்விடியாவே சொன்ன கணக்கு, சராசரியாக 100 தசமக் கணக்குக்கு 36 முழு எண் கணக்கு. மெமரியில் எந்த முகவரியிலிருந்து எடுப்பது, எது பெரியது என்று ஒப்பிடுவது மாதிரியான வேலைகள் இவை. டூரிங்கில் அந்த 36-ம் பக்கத்துப் பாதையில் இலவசமாக நடந்துவிடும். ஆம்பியரில் அதுவும் அதே 128-க்குள் இடம் பிடிக்கும். அப்படியானால் 3070-ன் 20.31-ஐ 1.36-ஆல் வகுக்க வேண்டும். வருவது 14.93. எதிரில் 13.45. ஒன்றரை மடங்கு என்று தெரிந்தது இந்த ஒரே வகுத்தலில் 11 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. ஃபவுண்டர்ஸ் எடிஷனின் 14.23-ஐ எடுத்துக்கொண்டால் ஐந்து சதவீதம்தான்.

மீதி இருப்பதை மற்ற எண்கள் சாப்பிட்டுவிடுகின்றன. சிப்பையும் மெமரியையும் இணைக்கும் பாதையான மெமரி பஸ் 3070-ல் 256 பிட், 2080 டிஐயினுடையது 352 பிட். இரண்டிலும் மெமரி ஒரே 14 ஜிகாபிட் வேகம். பஸ்ஸை 8-ஆல் வகுத்து மெமரி வேகத்தால் பெருக்கினால் பேண்ட்விட்த், அதாவது நொடிக்கு எவ்வளவு தரவு போய்வரும் என்பது, கிடைக்கும்: 3070-க்கு நொடிக்கு 448 ஜிபி, 2080 டிஐக்கு 616 ஜிபி. பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களான டெக்ஸ்சர்களைக் கையாளும் வேகத்தில் 3070 நொடிக்கு 317 கிகாடெக்ஸல், 2080 டிஐ 420. பிக்சல் எழுதும் வேகத்தில் மட்டும் 3070 முன்னே, 166-க்கு 136 கிகாபிக்சல். ஒரு கார்டு கணக்கில் கொஞ்சம் முன்னால், இன்னொன்று மெமரியிலும் டெக்ஸ்சரிலும் முன்னால். ஒரே ஃபிரேமுக்குள்ளேயே சில கட்டங்கள் கணக்கில் முட்டும், சில கட்டங்கள் மெமரியில் முட்டும். எல்லாம் கூட்டிக் கழித்து இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஸ்பெக் பொய் சொல்லவில்லை. பல எண்களில் ஒன்றை மட்டும் பார்த்ததுதான் சிக்கல்.

மெமரி பேண்ட்விட்த்துக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மிக எளிய ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நீளமான எண் வரிசைகள். முதல் வரிசையின் ஒவ்வோர் எண்ணையும் ஒரு மாறிலியால் பெருக்கி, இரண்டாவது வரிசையில் அதே இடத்திலுள்ள எண்ணோடு கூட்டி, திரும்ப எழுத வேண்டும். ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், கார்டுக்கு மிகப் பிடித்தமான ஜோடி. ஆனால் இரண்டு எண்களைப் படிக்க 8 பைட், விடையை எழுத 4 பைட், ஆக ஒவ்வொரு ஜோடிக்கும் 12 பைட் போய்வர வேண்டும். நொடிக்கு 448 ஜிபி என்றால் 3,733 கோடி ஜோடிகள், அதாவது 0.075 டெராஃப்ளாப்ஸ். 20.31 டெராஃப்ளாப்ஸ் கார்டில் அரை சதவீதம்கூட வேலை செய்யவில்லை! இதே வேலையில் 2080 டிஐ 0.103 எடுக்கும், 37 சதவீதம் கூடுதல் வேகம். பரோட்டா மாஸ்டர்கள் இருபது பேரை நிறுத்தினாலும் மாவு பிசைந்து தருபவர் ஒருவர்தான் என்றால் கல்லில் விழுவது அவர் தரும் உருண்டைகளின் எண்ணிக்கைதான்.

இதைக் கணக்காக வைத்துக்கொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது. டெராஃப்ளாப்ஸைப் பேண்ட்விட்த்தால் வகுங்கள். 3070-க்கு 45 வரும். மெமரியிலிருந்து ஒரு பைட் வருவதற்குள் கார்டால் 45 கணக்கு போட முடியும் என்று பொருள். ஓர் எண் 4 பைட் என்பதால், எடுத்து வந்த ஒவ்வோர் எண்ணையும் வைத்து 180 கணக்குக்குக் குறையாமல் செய்தால்தான் கோர்கள் சும்மா நிற்காது. 2080 டிஐக்கு இதே எண் சுமார் 22. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 56. சாமுவேல் வில்லியம்ஸ், ஆண்ட்ரூ வாட்டர்மேன், டேவிட் பேட்டர்சன் மூவரும் 2009-ல் வெளியிட்ட ரூஃப்லைன் மாதிரியின் அடிப்படை இதுதான். கணக்குத் திறன் ஒரு கூரை, மெமரி ஒரு கூரை, உங்கள் வேலை எந்தக் கூரையில் இடிக்கிறது என்பதுதான் கேள்வி. பிளெண்டர் மாதிரியான கதிர்த்தடக் கணக்குகளில் (ஒளிக்கதிர் போகும் வழியைப் பின்தொடரும் ரே டிரேசிங்) கணக்கு வேலை அதிகம். கூடவே 3070-ல் இருக்கும் கதிர் கோர்கள் அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவை. அதனால் பிளெண்டரில் 3070 முந்துகிறது.

கட்டமைப்பு மாறும்போது டெராஃப்ளாப்ஸை நேருக்கு நேர் வைக்கக் கூடாது என்பதற்கு ஆம்பியரை விடப் பெரிய உதாரணம் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் வேகா 64. 2017 ஆகஸ்டில் வந்தது. 4096 கோர், 12.66 டெராஃப்ளாப்ஸ், 484 ஜிபி பேண்ட்விட்த், 295 வாட். அது போட்டியிட்டது முந்தைய ஆண்டே வந்திருந்த ஜிடிஎக்ஸ் 1080 உடன்: 8.87 டெராஃப்ளாப்ஸ், 320 ஜிபி, 180 வாட். தாளில் வேகா 43 சதவீதம் முன்னால். மெமரியிலும் முன்னால். கேமில் இரண்டும் ஏறக்குறைய சமம். இங்கே பேண்ட்விட்த் கதைகூட உதவாது. பிரச்சினை கோர்களுக்கு வேலை போய்ச் சேரும் விதத்தில் இருந்தது. வேகாவின் ஜிசிஎன் கட்டமைப்பு 64 இழைகளை (ஒரே கட்டளையைச் செய்யும் சிறு வேலைகளை) ஒரு கட்டாகக் கட்டி, 16 பாதை கொண்ட அலகில் நான்கு சுற்றுகளில் ஓட்டும். எல்லா அலகுகளையும் நிரப்பி வைக்க ஒரே நேரத்தில் ஏராளமான கட்டுகள் தயாராக இருக்க வேண்டும். கேம்களில் அப்படி எப்போதும் இருக்காது. 4096 கோர்களுக்கு வடிவங்களைப் பிரித்துக் கொடுக்கும் முன்பக்க அலகுகளோ நான்குதான்.

ஏஎம்டியே இதற்கு விடை கொடுத்தது. 2019 ஜூலையில் வந்த ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி புதிய ஆர்டிஎன்ஏ கட்டமைப்பு, 32 இழைக் கட்டை 32 பாதை அலகில் ஒரே சுற்றில் முடிப்பது. கோர் 2560 மட்டும். 9.75 டெராஃப்ளாப்ஸ், 448 ஜிபி, 225 வாட். இந்த எல்லா எண்ணிலும் வேகா 64-ஐ விடக் குறைவு, ஆனால் கேமில் வேகா 64-ஐத் தாண்டிப் போனது. இதே நிறுவனம், இரண்டு வருட இடைவெளி. எனக்கு இந்த ஜோடி மிகவும் பிடிக்கும். எண்களைக் குறைத்துக்கொண்டே வேகத்தைக் கூட்ட முடியும் என்று ஒரு பொறியியல் குழு நிரூபித்த தருணம் அது.

பிறகு ஆர்டிஎன்ஏ 3-ல் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் 6144 கோரை வைத்துக்கொண்டு 61 டெராஃப்ளாப்ஸ் என்று காட்டுகிறது. ஒரே சுற்றில் இரண்டு கட்டளைகளை ஜோடி சேர்த்து அனுப்பும் வசதியை முழுவதுமாகக் கணக்கில் எடுத்துக்கொண்ட எண் அது. அதற்கு முந்தைய 6950 எக்ஸ்டி 23.65. தாளில் 2.6 மடங்கு, கேமில் ஒன்றரை மடங்குக்குள். அந்த ஜோடி சேர்வதற்கு நிபந்தனைகள் பல, அவை அமையும் இடங்கள் குறைவு.

ஒரே கட்டமைப்புக்குள் ஒப்பிட்டால் நிலைமை பரவாயில்லை, அங்கும் முழுதாக நம்ப முடியாது. 3060 டிஐ 16.2 டெராஃப்ளாப்ஸ், 3070 அதைவிட 25 சதவீதம் அதிகம். இரண்டுக்கும் பேண்ட்விட்த் ஒரே 448. கேமில் வித்தியாசம் ஏறக்குறைய அதில் பாதிதான். மெமரி ஏறாததால் அந்த 25-ல் பாதி கரைந்துவிட்டது.

பேண்ட்விட்த்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாத ஒரு காலம் 2020-க்குப் பிறகு வந்தது. சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான கேச் மெமரியின் அளவுகள் எகிறின. 3060 டிஐயையும் 4060 டிஐயையும் பாருங்கள். பழையது 448 ஜிபி, புதியது 128 பிட் பஸ்ஸில் 288 ஜிபி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஆனால் எல்2 கேச் 4 எம்பியிலிருந்து 32 எம்பி ஆனது. அடிக்கடி தேவைப்படும் தரவு சிப்புக்குள்ளேயே கிடைத்துவிட்டால் வெளி மெமரிக்குப் போக வேண்டியதில்லை. 1080பி-யில் இது அழகாக வேலை செய்தது, 4060 டிஐ பத்து சதவீதம் அளவுக்கு முன்னே நின்றது. டெராஃப்ளாப்ஸில் 36 சதவீதம் முன்னே என்பதை மறக்காதீர்கள். 4கே-க்குப் போனால் ஒரு ஃபிரேமுக்குத் தேவைப்படும் தரவு கேச்சுக்குள் அடங்காது. வித்தியாசம் சுருங்கும், சில கேம்களில் பழைய கார்டே முந்தும். ஆக 128 பிட் கார்டு எதையும் பார்க்கும்போது எந்த ரெசல்யூஷனில் எடுத்த பெஞ்ச்மார்க் (ஓட்டி அளந்த முடிவு) என்று கட்டாயம் கவனியுங்கள்.

கார்டு மதர்போர்டோடு பேசும் வழிகளான பிசிஐ லேன்களின் எண்ணிக்கை ஸ்பெக்கில் ஓரமாகக் கிடக்கும், பலர் பார்ப்பதே இல்லை. 4060 வரிசைக்கு 8 லேன்தான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு வெறும் 4 லேன். புதிய போர்டில் அது பிசிஐ 4.0 வேகத்தில் ஓடும். பழைய 3.0 போர்டில் போட்டால் நொடிக்கு 4 ஜிபிதான் போய்வரும். அந்தக் கார்டில் மெமரியும் 4 ஜிபி மட்டுமே என்பதால் அடிக்கடி நிரம்பி வழியும், வழிந்ததெல்லாம் இந்தச் சின்ன வழியில்தான் வர வேண்டும். செலவைக் குறைக்க பழைய போர்டையே வைத்துக்கொண்டு கார்டை மட்டும் மாற்றுபவர்களுக்குத்தான் இந்த வகைக் கார்டு விற்கப்படுகிறது. அவர்களுக்கே அது மோசமாக வேலை செய்கிறது. அது எனக்கு ஆறவே இல்லை.

கோபம் வரவைக்கும் இன்னொன்று, ஒரே பெயரில் இரண்டு கார்டுகள். ஜிடி 1030-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஜிடிடிஆர்5 மெமரியுடன் வந்தது, 48 ஜிபி பேண்ட்விட்த். 2018-ல் அதே பெயரில் சாதாரண டிடிஆர்4 மெமரியுடன் ஒன்று வந்தது, 16.8 ஜிபி. கோர் இரண்டிலும் 384. டெராஃப்ளாப்ஸ் 1.13-லிருந்து 1.06 ஆனது, ஆறு சதவீதம்தான் குறைவு. பேண்ட்விட்த் மூன்றில் ஒரு பங்கு. கேமில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. டப்பாவில் மெமரி வகையைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் படிப்பவர்கள் எத்தனை பேர்? ஆர்டிஎக்ஸ் 3050-லும் இதே கதை. 8 ஜிபி வகை 2560 கோர், 128 பிட், 224 ஜிபி. 2024-ல் வந்த 6 ஜிபி வகை 2304 கோர், 96 பிட், 168 ஜிபி. பார்ப்பவருக்கு 2 ஜிபி மெமரிதான் குறைவு என்று தோன்றும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பெயரோடு நிறுத்தாமல் பஸ் அகலம், மெமரி வகை, கோர் எண்ணிக்கை மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

லேப்டாப்பில் இது இன்னும் மோசம். டெஸ்க்டாப் 4090-ல் 16,384 கோர். லேப்டாப் 4090-ல் 9,728. மெமரி 24-க்குப் பதில் 16 ஜிபி. பெயர் மட்டும் ஒன்று. லேப்டாப் 4060-க்கு அனுமதிக்கப்பட்ட மின்சாரம் 35 முதல் 115 வாட் வரை எதுவாகவும் இருக்கலாம், அதைத் தயாரிப்பாளர்தான் முடிவு செய்கிறார். கோரும் பஸ்ஸும் ஒன்றாக இருக்கும் இரண்டு லேப்டாப்புகளில் ஒன்று மற்றதை எளிதாகப் பின்னுக்குத் தள்ளும். லேப்டாப் என்றால் டெராஃப்ளாப்ஸை மறந்துவிட்டு வாட் எண்ணைத் தேடுங்கள்.

ஸ்பெக் ஷீட்டே தவறாக இருந்த சம்பவமும் உண்டு. 2014 செப்டம்பரில் வந்த ஜிடிஎக்ஸ் 970-க்கு 64 பிக்சல் அலகுகள், 2 எம்பி எல்2 கேச் என்று அறிவித்தார்கள். 2015 ஜனவரியில் பயனர்கள் துருவியபோது அவை 56-ம் 1.75 எம்பியும் என்று என்விடியா ஒப்புக்கொண்டது. 4 ஜிபி மெமரியில் கடைசி அரை ஜிபி மற்றதைவிட மிக மெதுவான பாதையில் இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அமெரிக்காவில் வழக்கு நடந்து, கார்டுக்கு 30 டாலர் கொடுக்க 2016-ல் சமரசம் ஆனது. அந்தக் கார்டு நல்ல கார்டுதான், பெஞ்ச்மார்க் எண்களும் மாறவில்லை. ஆனால் அரை ஜிபி விஷயத்தைக் கண்டுபிடித்தவர்கள் தாளை நம்பாமல் மெமரியை நிரப்பி அளந்து பார்த்த சாதாரண பயனர்கள்.

இப்போது ஏஐ காலம், புதிதாக டாப்ஸ் என்ற எண் வந்திருக்கிறது, நொடிக்கு எத்தனை லட்சம் கோடி ஏஐ கணக்கு என்பது. 2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 5070-ஐ அறிமுகம் செய்தபோது என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலருக்கு 4090-ன் செயல்திறன் என்றார். 5070-க்கு 988 ஏஐ டாப்ஸ், 4090-க்கு 1321. பக்கத்தில் வைத்தால் முக்கால் பங்கு வந்துவிட்ட மாதிரி தெரிகிறது. ஆனால் 988 என்பது 4 பிட் கணக்கில், 1321 என்பது 8 பிட் கணக்கில். 8 பிட்டுக்கு மாற்றினால் 5070 பாதியாகி 494. இரண்டிலுமே, பாதி எண்கள் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு கணக்கை இரட்டிப்பாக்கும் ஸ்பார்சிட்டியும் சேர்ந்திருக்கிறது. 494-ஐ 1321-ஆல் வகுத்தால் 37 சதவீதம். சாதாரண டெராஃப்ளாப்ஸை எடுங்கள்: 30.87-க்கு எதிரே 82.58. அதுவும் 37 சதவீதம்! பேண்ட்விட்த் 672-க்கு 1008. மேடையில் சொன்ன சமத்துவம், ஒரு உண்மையான ஃபிரேமுக்கு மூன்று வரை செயற்கை ஃபிரேம் சேர்த்துக் காட்டும் வசதியை வைத்து வந்தது. இந்த இடத்தில் உண்மையைச் சொன்னது பழைய பெருக்கல் கணக்குதான். அதனால்தான் ஸ்பெக்கைப் பார்க்காதே, பெஞ்ச்மார்க் மட்டும் பார் என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. பெஞ்ச்மார்க்கை எப்படி எடுத்தார்கள் என்று சந்தேகம் வரும்போது சரிபார்க்க இந்த எண்கள்தான் கையில் இருக்கும்.

வீட்டில் மொழி மாடல் ஓட்டுவது, தாள் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே பலிக்கும் வேலை. ஒவ்வொரு டோக்கனை (சொல் அல்லது சொல்லின் துண்டை) உருவாக்கவும் மாடல் முழுவதையும் ஒருமுறை மெமரியிலிருந்து படிக்க வேண்டும். கணக்கு குறைவு, படிப்பது அதிகம். 800 கோடி பாராமீட்டர் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) கொண்ட மாடல், ஓர் எண்ணுக்கு 4 பிட் என்று சுருக்கினால் சுமார் 5 ஜிபி வரும். பேண்ட்விட்த்தை 5-ஆல் வகுத்தால் உச்சவரம்பு கிடைக்கும்: 3070-க்கு நொடிக்கு சுமார் 90 டோக்கன், 2080 டிஐக்கு 123. நடைமுறையில் இரண்டும் இதற்குக் கீழேதான் நிற்கும், ஆனால் வரிசை மாறாது. கேமில் 4060-க்குப் பின்னால் நிற்கும் 3060 இந்த வேலையில் அதை முந்துவதும் இதே காரணத்தால்தான்: 360 ஜிபிக்கு எதிரே 272. அதிலும் 3060-ல் 12 ஜிபி மெமரி இருக்கிறது.

ஏஐ கணக்குக்கென்றே இருக்கும் டென்சர் கோர்களின் எண்ணில் ஒரு ஆச்சரியம். 3070-க்கு 16 பிட்டில் 162.6 டெராஃப்ளாப்ஸ் என்று பார்த்திருப்பீர்கள். அதில் ஸ்பார்சிட்டி சேர்ந்திருக்கிறது, எடுத்துவிட்டால் 81.3. 2080 டிஐ ஃபவுண்டர்ஸ் எடிஷன் அதே அளவுகோலில் 113.8. தலைமுறை பழையது, கோர்த் தொகுதிகள் 68, 3070-க்கு 46. ஆனால் டூரிங்கின் டென்சர் கோருக்கு பிஃப்ளோட்16 என்ற 16 பிட் எண் வடிவம் தெரியாது, ஆம்பியருக்குத் தெரியும். மாடலை ஓட்ட மட்டும் என்றால் இது பெரிய விஷயமில்லை. பயிற்றுவிக்க இறங்கினால் தொல்லை தரும்.

ஆராய்ச்சிக் கணக்குக்காக இரட்டைத் துல்லியம் (64 பிட் எண்கள்) தேவைப்படுபவர்களுக்கு ஒரு வரி: 2019-ல் வந்த ரேடியான் VII அதில் 3.36 டெராஃப்ளாப்ஸ், 4090 வெறும் 1.29. 4090 மாதிரியான என்விடியா கேம் கார்டுகளில் அந்தத் திறனைச் சாதாரணக் கணக்கின் 64-ல் ஒரு பங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இனி உங்கள் முடிவுக்கு வருகிறேன். 1440பி கேமுக்கு வேகம் ஒன்றுதான், ஆனால் மெமரி ஒன்றல்ல. 2023-க்குப் பிறகு வந்த பல பெரிய கேம்களில் டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்தால் 3070-ன் 8 ஜிபி போதாமல் திணறுகிறது. 2080 டிஐயின் 11 ஜிபி அங்கே மூச்சு விட இடம் தரும். மாடல் ஓட்டுவதிலும் அந்த 3 ஜிபிக்கு மதிப்பு அதிகம்: 1400 கோடி பாராமீட்டர் மாடல் 4 பிட்டில் சுமார் 9 ஜிபி வரும், அது 3070-க்குள் அடங்கவே அடங்காது. 3070-ன் பக்கம் இருப்பவை பிளெண்டர் வேகம், 250 வாட்டுக்குப் பதில் 220 வாட், ஏவி1 விடியோ டிகோடிங், எச்டிஎம்ஐ 2.1, அப்புறம் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஆயுள். மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு கேம் டிரைவர் 2025-ல் நின்றுவிட்டது. வயது வரிசையில் அடுத்து இருப்பது டூரிங்தான்.

மூன்று வேலைகளில் பிளெண்டர் கொஞ்சம்தான் என்று சொல்லியிருப்பதால் என் ஓட்டு 2080 டிஐக்கு, கார்டு நல்ல நிலையில் இருந்தால் மட்டும். 2018-ல் வந்த மாடல், விசிறியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பணம் கொடுப்பதற்கு முன் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து 352 பிட், ஜிடிடிஆர்6, 4352 கோர், 88 பிக்சல் அலகு என்று காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு மெமரி முழுவதையும் நிரப்பும் சோதனை ஒன்றை அரை மணி நேரம் ஓட்டி, திரையில் புள்ளிகளோ கோடுகளோ வருகின்றனவா, கிளாக் 1545-க்குக் கீழே இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்கினால் கூலர் சரியில்லை என்று வைத்துக்கொண்டு அதற்கான செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். புள்ளி தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம், 3070-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.